மேலக்குளம் மேற்குப்புரைக் கதவு குறித்து ராஜையன் சொன்னது

என் பெயர் ராஜையன். தகப்பனார் பெயர் மத்தியாஸ். வயது நாற்பத்திரண்டு. கிறிஸ்தவன். சொந்தமாக ஒரு மாட்டுவண்டி வைத்து, கருங்கல் சந்தையிலிருந்து தக்கலைக்கும் குளச்சலுக்கும் பாரம் கொண்டுபோவது தொழில். விளவங்கோடு தாலுகாவில் கருங்கலுக்கு மேற்கே ஆனைவிளையில் குடியிருந்து வருகிறேன்.

மேலக்குளம் நாராயணபெருமாள் பிள்ளை அவர்கள் போலீசில் கொடுத்த ஆவலாதி எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவருடைய வீட்டின் மேற்குக் கட்டான மேற்குப்புரையின் கதவைக் களவாகக் கழற்றிக் கொண்டுபோனதாக, குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் பிரதியாக என் மனைவி பூங்கனியையும் இரண்டாம் பிரதியாக என்னையும் அதில் சேர்த்திருக்கிறது. அது சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததை யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் சொல்கிறேன். நான் இதைச் சொல்லும்போது என் மனைவி இந்த ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் வீடு மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக இருந்தது. கொல்லம் 1105-ம் ஆண்டு இடவ மாதத்து மழையில் வடக்குச் சுவர் கரைந்து உள்பக்கமாக விழுந்தது. அந்தச் சுவரோரம்தான் எங்கள் மகள் சத்தியபாய் படுப்பது வழக்கம். அன்றைக்குக் கூரை ஒழுகி அவள் பாயில் சொட்டியதால் என் மனைவி அவளைப் பாயோடு இழுத்து அடுப்படிக்குக் கொண்டுபோயிருந்தாள். கூரை ஒழுகியதற்காகக் கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொன்னவர்கள் எங்கள் சபையில் நாங்கள் இருவர் மட்டுமே இருப்போம் என்று நினைக்கிறேன். அதன் பிறகு, அடுத்த இடவப்பாதி மழைக்குள் கல்சுவரும் ஓட்டுக்கூரையுமாக ஒரு வீடு கட்டியே தீருவது என்று என் மனைவி சொன்னாள்.

நான் மரக்கடையில் போய் விலை விசாரித்துவிட்டு வந்து, நமக்கு இது ஆகாது, இன்னும் ஒரு தடவை ஓலையே வேய்வோம் என்று சொன்னேன். அதற்கு அவள், "புதுசு வாங்கத்தான் ரூவா வேணும். பழசு வாங்கக் கண்ணு இருந்தாப் போரும். நிங்க வண்டிய மட்டும் பூட்டித் தாருங்க" என்று சொன்னாள்.

அதன் பிறகு எந்த ஊரில் எந்தக் கட்டடத்தைப் பிரித்தாலும் என் மனைவி அங்கே போய் நின்றாள். நான் பாரம் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும் வழியில் அவள் எங்காவது ஒரு குட்டிச்சுவர் பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்துவாள். குளச்சலில் பழைய கயிற்றுக் கிட்டங்கி ஒன்றைப் பிரித்தபோது சீமை ஓடுகளை வாங்கினாள். உடைந்ததைத் தனியே, கீறல் விட்டு விரிந்ததைத் தனியே அடுக்கி, விரிந்ததைத் தொழுவத்துக்கு வைத்துக்கொண்டாள். ஒரு துரைமார் பங்களாவைப் பழுதுபார்த்தபோது கழித்துப் போட்ட பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு ஒன்றை வாங்கினாள். சிதறால் பக்கம் இடிந்து கிடந்த ஒரு சத்திரத்தின் படிக்கற்களை, கேட்க வேண்டியவர்களைக் கேட்டு வாங்கினாள். ஜன்னல்களில் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் அமைந்தது. கருங்கல் சந்தையில் எங்கள் வீட்டுக்கு அவியல் வீடு என்று பெயர் வைத்தார்கள். நான் அதைக் கேட்டு வெட்கப்பட்டு வீட்டில் வந்து சொன்னேன். அவள், "அவியல் இல்லாத கலியாண எலையில எவனாவது உக்காருவானா? சொல்லுகவன்கிட்ட கேட்டுட்டு வாருங்க" என்று சொன்னாள். நான் போய்க் கேட்கவில்லை.

சுவர் எழும்பிவிட்டது. பச்சைக் கதவும் மாட்டியாகிவிட்டது. உத்தரமும் கைமரங்களும்தான் பாக்கி. அப்போது மேலக்குளத்தில் நாராயணபெருமாள் பிள்ளை தம் தம்பியோடு பாகம் பிரித்துக்கொண்டு, தம் பங்குக்கு வந்த மேற்குப்புரையைப் பிரித்து விற்கப் போவதாகக் கேள்விப்பட்டு, நானும் என் மனைவியும் போய்ப் பார்த்தோம். நாங்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லாததால் முற்றத்தில் நின்றோம். பிள்ளையும் முற்றத்துக்கு வந்தார். மேற்குப்புரையில் மரம் என்று என்னென்ன உண்டோ அவ்வளவும், நிலை கதவு உட்பட, நாங்களே எடுத்துக்கொள்வது என்று பேச்சு முடிந்தது. எழுத்து ஒன்றும் கிடையாது. எங்கள் கறவை மாட்டை விற்று முழுத் தொகையையும் கொடுத்தோம். மாட்டை ஓட்டிக்கொண்டு போனபோது என் மனைவி தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை.

அதன் பிறகு பிள்ளை சொன்ன நாளில் நாங்கள் வண்டியோடு போனோம். என் மனைவியின் தம்பி ஜேசுதாஸும் வந்தான். அவன் மரவேலை செய்கிறவன். பிள்ளையின் ஆட்கள் அதற்குள் ஓடுகளை இறக்கி, முற்றத்துப் பக்கச் சுவரையும் பாதி இடித்திருந்தார்கள். இடிந்த சுவர் வழியாகப் பார்த்தபோது உள்ளே ஒரு அம்மாள் ஓலைக்குடையைத் தரையில் ஊன்றி, அதன் நிழலில் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். அவர் நாராயணபெருமாள் பிள்ளையின் மூத்த சகோதரி தாணம்மாள் என்பதும், கணவர் இறந்த பிறகு அந்த மேற்குப்புரையில்தான் இருந்துவருகிறார் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அவர் அந்த அறையை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும், ஓட்டை எடுத்தால் தானாக இறங்குவார் என்று பிள்ளை ஓட்டை எடுக்கச் சொன்னதாகவும், ஓட்டை எடுத்தும் அவர் இறங்கவில்லை என்றும் வேலையாட்கள் சொன்னார்கள்.

தாணம்மாள் என் மனைவியைப் பார்த்து, "நீயாட்டி மரம் வாங்கினவ?" என்று கேட்டார். என் மனைவி ஆமாம் என்றாள். "என்ன வெலைக்குத் தந்தான்னு எங்கிட்ட சொல்லாத. கேட்டா வயிறு எரியும்" என்றார்.

என் மனைவி, "அம்மா இனி எங்க இருப்பிய?" என்று கேட்டாள்.

"தொழுவத்துல ஒரு மூலை தாரேன்னு சொல்லியிருக்கான். மாட்டுக்கிட்ட கேட்டானோ என்னவோ" என்று சொல்லிவிட்டு அவர் கஞ்சியைக் கிண்டினார்.

என் மனைவி அந்த அடுப்பையும் குடையையும் பார்த்தாள். அதன் பிறகு என்னிடம், "வண்டியத் திருப்புங்க" என்று சொன்னாள். ஜேசுதாஸ் உளியை எடுத்து வெளியே வைத்திருந்தான், அதையும் திரும்பப் பையில் போடச் சொன்னாள். வெறும் வண்டியோடு வந்தோம். வழியில் நான் விற்ற மாட்டை நினைத்துக்கொண்டு கோபமாக இருந்தேன்.  பாதி வழியில் அவள், "ஆள் இருக்கிய கூரைய நம்ம புள்ளைக்கு மேல கொண்டு வைக்க எனக்கு ஒறக்கம் வராது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள் பிள்ளையிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டாள். பிள்ளை, பேசியது பேசியதுதான், வார முடிவுக்குள் மரத்தை எடுக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன், பணமும் திரும்பாது என்று சொல்லிவிட்டார். பிள்ளையை நான் குறைசொல்ல வரவில்லை. எங்கள் வண்டிமாடுகளுக்கு அவர் ஒவ்வொரு தடவையும் கேட்காமலே வைக்கோல் போடச் சொன்னார். பாகப் பிரிவினையில் அவருக்கும் தம்பிக்கும் மனக்கசப்பு இருந்தது, அதில் அக்காள் தம்பி பக்கம் பேசினார் என்ற வருத்தம் அவருக்கு உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு என் மனைவி நேரே இடிந்த சுவர்ப் பக்கம் போய், தாணம்மாளிடம், சொந்தமாக இடம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறாள். குளத்தங்கரையில் தாயார் தம் பெயருக்கு எழுதிவைத்த சின்னத் தென்னந்தோப்பு ஒன்று இருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். என் மனைவி வீட்டுக்கு வந்து, வாங்கிய மரத்தில் பாதியை அந்தத் தோப்பில் இறக்கி, அந்த அம்மாளுக்கு ஒரு அறையும் அடுப்படியும் கட்டிக் கொடுத்துவிட்டு, மீதியை நம் வீட்டுக்குக் கொண்டுவருவது என்று சொன்னாள்.

நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. பாதி மரத்தில் நம் வீட்டுக்கு இரண்டு அறை வராது, ஒன்றுதான் வரும், மாடும் போய் வீடும் பாதியாகுமா என்று சத்தம் போட்டேன். அவள் நான் சத்தம் போட்டு முடியும்வரை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பிறகு, "கூரை நமக்கு மேல இருந்தாப் போராதா? நம்மத் தாண்டி அங்கோட்டும் நீண்டு கெடக்கணுமா?" என்று கேட்டாள். அதன் பிறகு நானும் ஒத்துக்கொண்டேன். 

ஆனால் தாணம்மாள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "உன் தருமத்துல நான் குடியிருக்கணுமா? எங்க வீட்டுல அப்பிடி ஒரு வழக்கம் இல்ல" என்று சொன்னார். அப்போது நானும் உடன் இருந்தேன். என் மனைவி, தருமம் கொடுக்கிற அளவுக்குத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றும், தோப்பில் காய்க்கிற தேங்காயில் பாதியை எங்களுக்குத் தந்தால் அது கொடுத்து வாங்குகிற கச்சவடம் ஆகிவிடும் என்றும் சொன்னாள். தாணம்மாள் யோசித்து, "பாதி கூடுதலாக்கும். மூணுல ஒண்ணு" என்றார். இரண்டு பேரும் வெகுநேரம் பேரம் பேசினார்கள். என் மனைவி கடைசியில் மூன்றில் ஒன்றுக்கு இறங்கினாள். இதற்கு முன் அவள் எந்தப் பேரத்திலும் இறங்கி நான் பார்த்ததில்லை. தாணம்மாள் அன்றைக்கே குடையை மடக்கிக்கொண்டு இறங்கி, தோப்பில் தேங்காய் போட்டு வைக்கும் புரையில் போய்த் தங்கினார்.

அதன் பிறகு நானும் ஜேசுதாஸும் மரத்தை இறக்கினோம். நல்ல பிலாமரம். உத்தரத்தைக் குளத்தங்கரை அறைக்கு ஏற்றாற்போல் அறுக்க வேண்டியிருந்தது. தாணம்மாள் தோப்பில் நின்றுகொண்டு, அடுப்படி எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று எல்லாம் சொன்னார். வேலை தொடங்கிய நாட்களில் அவருடைய கிணற்றில் நாங்கள் நீர் இறைக்கவில்லை. அவரே இறைத்து, உயரத் தூக்கி எங்கள் கையில் ஊற்றுவார். என் மனைவிக்கு வலது கையில் பழைய சுளுக்கு ஒன்று உண்டு. கல் சுமந்ததில் அது வீங்கி, ஒருநாள் இரண்டு கையையும் சேர்த்துக் குவிக்க முடியாமல் தண்ணீர் எல்லாம் சேலையில் போயிற்று. தாணம்மாள் செம்பைக் கீழே வைத்தார். "எடுத்துக் குடிட்டி. எனக்கும் கை வலிக்கி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தச் செம்பு கிணற்று மேட்டிலேயே இருந்தது. வேண்டியபோது நாங்கள் எடுத்துக் குடித்தோம்.

கதவைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்வதாவது: மேற்குப்புரைக் கதவு பித்தளைக் குமிழ் தைத்த ஒற்றைப் பலகைக் கதவு. தாணம்மாளின் புது அறையில் நிலை வைத்த பிறகு, அதற்கு அந்தக் கதவையே மாட்டுவது என்று என் மனைவி சொன்னாள். பகல் வேளையில், பிள்ளையின் வேலையாட்கள் பார்த்திருக்கவே, கதவை நிலையில் சுழல்கிற குடுமியிலிருந்து கழற்றி வண்டியில் ஏற்றினோம், குளத்தங்கரைக்குக் கொண்டுபோனோம். பிள்ளை அப்போது நாகர்கோவிலுக்குப் போயிருந்தார். ஒளித்துக் கொண்டுபோகவில்லை. கதவை மாட்டிய அன்று தாணம்மாள் அதைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார்.  என் மனைவிக்கு ஒரு தேங்காய்க் குலையைக் கொடுத்து, இது கணக்கில் சேராது என்று சொன்னார்.

பிள்ளை திரும்பி வந்து கதவைக் கண்டார். அக்காளைக் கூரை இல்லாமல் விட்டார், வண்டிக்காரன் பெண்டாட்டி கூரை போட்டுக் கொடுத்தாள் என்று அதற்குள் குளிக்கிற துறையில் ஆட்கள் பேசிச் சிரித்ததாகவும், அது அவர் காதுக்குப் போனதாகவும் கேள்விப்பட்டேன். கதவு பேச்சில் சேரவில்லை என்று அவர் சொன்னார். அதன் பிறகு இந்த ஆவலாதி கொடுக்கப்பட்டது.

நேற்றைய தினம் போலீசார் கதவைக் களவுப் பொருளாக, தொண்டியாக எடுக்கக் குளத்தங்கரைக்கு வந்தார்கள். அப்போது நானும் என் மனைவியும் அங்கே இருந்தோம். தாணம்மாள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னார். போலீசார் அவரைத் தொடத் தயங்கி நின்றார்கள். என் மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கொண்டு போவட்டும் அம்மா. கதவுக்கு அவிய சோறு போடப் போறதில்ல, திரும்பத் தந்துருவாவ. இன்னைக்கி ராத்திரி நிங்க கதவு இல்லாம ஒறங்க மாட்டிய. அதுக்கு நானாச்சு" என்று சொன்னாள். அதன் பிறகு தாணம்மாள் எழுந்தார். போலீசார் கதவைக் கொண்டுபோனார்கள். என் மனைவி என்னை ஆனைவிளைக்கு வண்டி விடச்சொல்லி, எங்கள் வீட்டில் மாட்டியிருந்த பச்சைக் கதவைக் கழற்றி வரச்சொன்னாள். ஜேசுதாஸ் அதைத் தாணம்மாளின் நிலையில் பொருத்திப் பார்த்தான். அது நிலையை விட அகலம் குறைவு. கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தோம்.

இன்று காலை எங்களை இந்த ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தபடி வந்தோம். நாராயணபெருமாள் பிள்ளையும் வந்திருந்தார். என்னைத் தனியாக அழைத்து, பேரம் பேசியது முழுக்க என் மனைவி என்றும், எனக்கு ஒன்றும் தெரியாது என்றும் நான் சொன்னால் என்னை விட்டுவிடலாம், வண்டித்தொழில் செய்கிறவன் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்று ஏட்டையா சொன்னார். எனக்கு நன்மை நினைத்துத்தான் சொன்னார். அப்படிச் சொல்ல எனக்கு மனதில்லை என்று தெரிவித்தேன்.

அந்தச் சமயம் தாணம்மாள் மேலக்குளத்திலிருந்து தன்னந்தனியாக நடந்தே இங்கே வந்து சேர்ந்தார். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஸ்டேஷன் படி ஏறுகிற வழக்கம் இல்லை. வராந்தாவில் சாத்தி வைத்திருந்த கதவையும், அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த என் மனைவியையும் பார்த்தார். பிறகு தம் தம்பியைப் பார்த்து, "ஏலே நாராயணா, நிலையும் கதவும் சேத்துத்தான்னு நீ முத்தத்துல நின்னு சொன்னத நான் உள்ள இருந்து கேட்டேன். சொவரு அப்பம் இடியல்ல. ஆனாலும் உன் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்று சொன்னார்.

 தாணம்மாள், "கதவு உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. இவளுக்க நல்ல பேர எடுக்காத" என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. வெயிலில் வந்திருந்தார். பிள்ளை எழுந்து, தாம் உட்கார்ந்திருந்த பெஞ்சியை அக்காளுக்கு நகர்த்திப் போட்டார். "நேத்து ராத்திரி எப்பிடிக் கெடந்த அக்கா?" என்று கேட்டார்.

"இவளுக்க வீட்டுக் கதவ எனக்குக் கெட்டித் தந்திருக்கா. இடுக்கு வழியா ஒரு நாய் வந்து படுத்துக் கெடந்துது. எனக்கும் தொணையாச்சு."

பிள்ளை சிரித்தார். அதன் பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றுதான் நான் நினைக்கிறேன். தாம் சொன்னது தமக்கு மறந்துபோயிற்று, ஆவலாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ஏட்டையாவிடம் சொன்னார். பதிவான ஆவலாதியை அப்படிக் கிழித்துப் போட முடியாது, சம்பந்தப்பட்ட எல்லோரும் சொல்வதை எழுதி மேலே அனுப்பித்தான் முடிக்க முடியும் என்று ஏட்டையா சொன்னதன்பேரில் நான் இதைச் சொல்கிறேன்.

கதவு விலைக்கு வாங்கியது. அதைத் தாணம்மாளின் வீட்டிலேயே திரும்ப மாட்டக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நேற்றிலிருந்து கதவு இல்லை. மகள் சத்தியபாய் தனியாக வாசலில் காவல் இருக்கிறாள். ஆகையால் எங்களைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை நான் சொன்னதில் பொய்யோ கூட்டலோ இல்லை. எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கதவைக் கழற்றிய இடத்தில், "கழற்றி வண்டியில் ஏற்றினேன்" என்று எழுதியிருந்தது. நான் ஒரு பக்கமும் என் மனைவி மறுபக்கமும் பிடித்துத்தான் தூக்கினோம், அதனால் "ஏற்றினோம்" என்று திருத்த வேண்டும் என்று சொன்னேன். அவ்வாறே திருத்தப்பட்டது. திருத்தம் சரி என்று கண்டு கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) ம. ராஜையன்
கொல்லம் 1106-ம் ஆண்டு, கும்ப மாதம்